இணையத்தில் எழுதுவோர் கடமை

எழுதுபவர் ஒருவர், படிப்பவர் பலர். எழுதுபவர் ஒரு நாழிகை மிகுதியாக உழைப்பாராயின், படிப்பவர் ஆயிரவர்க்கும் தலைக்குச் சில நிமிஷங்களேனும் மிச்சமாகும். அவ்வுழைப்பை அவர் சோம்பலாற் கைவிடுவாராயின், அவர் விட்ட வேலையை அவ்வாயிரவரும் தனித்தனியே செய்து தீர்த்தல் வேண்டும். இவ்வெளிய கணக்கை உணர்ந்தவர் எழுதும் எழுத்து ஒருவகை. உணராதவர் எழுதும் எழுத்து மற்றொருவகை. முன்னதைப் படிக்குந்தோறும் எழுதியவரை மனத்துள் வாழ்த்துகின்றோம். பின்னதைப் பாதியிலே விட்டு அகல்கின்றோம்.

இக்கணக்கு ஏட்டுச் சுவடிக்கும் அச்சுப் புத்தகத்துக்கும் பொருந்துவதேயாயினும், இணையத்துக்குப் பன்மடங்கு பொருந்துவதாகும். ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கில அறிஞர், ஆராய்ச்சியாளர் தம்முள் செய்திகளைப் பகிர்ந்துகொள்ளுதற்கென 1989-ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தார். 1991-ஆம் ஆண்டில் அது வெளியுலகிற்கு வந்தது. அன்று விஞ்ஞானிகள் சிலர் பொருட்டு எழுந்த அவ்வலை இன்று ஊர்தோறும் வீடுதோறும் பரவி நிற்கின்றது. அரசாங்க ஆணை, பரீட்சை முடிவு, உதவித்தொகை அறிவிப்பு, ரெயில் நேரம், வைத்திய ஆலோசனை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை ஒழுங்கு ஆகிய யாவும் அதன் வாயிலாகவே மக்களை அடைகின்றன. கல்லூரி மாணவரிற் பலர் தத்தம் மன்றங்களின் சார்பாக அதில் எழுதி வருகின்றனர். கல்லூரியை விட்டு நீங்கியபின் அதனையே தொழிலாகக் கொள்வாரும் உளர். ஆதலின், திரையில் எழுதும் எழுத்து யாங்ஙனம் இருத்தல் வேண்டுமென்பது குறித்து எம் கருத்தை ஈண்டு வெளியிட விழைகின்றோம்.

எம் கருத்தின் சாரத்தை முன்னரே கூறிவிடுதல் நன்று. திரையில் எழுத்துக்கு அழகாவது படிப்பார்க்கு வழிவிட்டு நிற்றலே. படிக்கவொட்டாது தடுக்கும் அலங்காரம் எத்துணை வண்ணம் பூசிக்கொண்டாலும் அழகெனப் பெயர் பெறாது. அவ்வலங்காரங்களுள்ளும் மிகக் கொடியது, எழுத்தை எழுத்தாக வையாது படமாக்கி ஒட்டும் வழக்கம். அது பார்வையற்றாரையும், ஏழைகளையும், பின்னாளில் தேடி வருவாரையும் ஒருங்கே வெளியே நிறுத்திக் கதவடைக்கின்றது. இவ்வழக்கம் நம்மிடையே ஒழிதல் வேண்டும்.

திரையில் எழுதுதல் புதிய கலையாயினும், படிப்பார்க்கு வழியை எளிதாக்கும் தொண்டு தமிழர்க்குப் புதியதன்று. பனையோலையில் எழுதிய காலத்தில் நம் முன்னோர் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம் விட்டாரல்லர். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இட்டாரல்லர். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். பத்தி பிரித்தலும் நிறுத்தற்குறியும் அவர்பால் இல்லை. ஆசிரியரடியில் இருந்து பாடங்கேட்டு மனத்திற் பதித்துக்கொண்டவர்க்கு இஃதோர் இடராகத் தோன்றவில்லை. ஏடு அவர்க்கு நினைவூட்டும் கருவியாகவே இருந்தது. ஆசிரியரின்றித் தனித்துப் படிக்கப் புகுந்தவர் பட்ட பாடோ பெரிது! இன்று கைப்பேசியைக் கையிலேந்திப் படிப்பவரும் அத்தகைய தனி வாசகரே. அவர் பக்கத்தில் ஐயந் தீர்ப்பார் ஒருவருமிலர். அவர்க்குள்ள ஆசிரியர், எழுத்து வைக்கப்பட்ட முறை ஒன்றே.

அச்சுக்கலை தமிழ்நாட்டில் வேரூன்றியபோது இத்தனி வாசகர் பொருட்டு அறிஞர் பலர் உழைத்தனர். 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. 1713-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து ஹாலே நகரினின்றும் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துக்கள் அளவிற் பெரியனவாயிருந்தன. காகிதமோ கிடைத்தற்கு அரிதாயிருந்தது. சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு 1714, 1715-ஆம் ஆண்டுகளில் அச்சாகுங்கால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்து வேலையை முடித்தனர். பின்னர்ச் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சுக்கூடத்தில் ஹண்ட் என்பார் சிறியவும் தெளிந்தவுமான தமிழெழுத்துக்களை அமைத்துப் புகழ்பெற்றார். 1862-ஆம் ஆண்டில் வெளிவந்த வின்ஸ்லோ ஐயரின் பேரகராதி அவ்வச்சுக்கூடத்தில் அச்சானதே. எழுத்தின் அளவும் வடிவும் அற்பமான விஷயங்களென எண்ணுவார், அவற்றின்பொருட்டு இப்பெரியோர் பட்ட உழைப்பை ஒருகால் நினைத்துப் பார்ப்பாராக.

எழுத்து வடிவையும் உரைநடையையும் திருத்திய பெரியோரையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் உருவ வேற்றுமை தெளிவுறச் செய்தவர் வீரமாமுனிவர். உரைநடையில் நிறுத்தற்குறிகளை இட்டுப் பெருவழக்காக்கியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். அவர் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் ஐயருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவியவர். பின்னர்ச் சமயத்துறையில் மிஷனரிமாரை எதிர்த்து நின்றவர். அவ்வெதிர்ப்பு யாதாயினும் ஆகுக. படிப்பவர் எங்கு நிற்றல் வேண்டும், எங்கு மூச்சு விடுதல் வேண்டும் என்று குறிகாட்டிய அவரது தொண்டுக்கு இரு சாராரும் கடமைப்பட்டுள்ளனர். ஏடு பல ஒப்புநோக்கி, சொற்களையும் பொருளையும் தெளிவுபடுத்தி, 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரின் உழைப்பும் இவ்வரிசையிற் சேர்ந்ததே. இவர்கள் ஒருவரும் நூற்பொருளை ஒரு சிறிதும் குறைத்தாரல்லர். பொருளுக்கும் வாசகர்க்கும் இடையே கிடந்த முட்களையே அகற்றினர்.

நிற்க. திரையின் முன் அமர்ந்தவர் எவ்வாறு படிக்கின்றார் என்பதை அறிந்தாலன்றி அவர்க்கேற்ப எழுதுதல் இயலாது. ஜேக்கப் நீல்சன் என்னும் ஆராய்ச்சியாளர் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபின்படி, அவர் சோதித்தவர்களுள் நூற்றுக்கு 79 பேர் புதிய பக்கமொன்றைக் கண்டவுடன் அதனை மேலோட்டமாகவே பார்வையிட்டனர். சொல்சொல்லாகப் படித்தவர் நூற்றுக்கு 16 பேரே. இதனைக் கேட்டு இக்கால வாசகரை இகழ்வார் உளர். யாம் அவ்வாறு இகழோம். சந்தைக்குச் செல்பவர் கடைதோறும் நின்று ஒவ்வொரு பண்டத்தையும் எடுத்துப் பார்ப்பதில்லை. தாம் நாடிவந்த பொருள் எக்கடையில் உளதென முதலில் கண்ணோட்டி, அதனைக் கண்டபின்னரே நின்று பேசுவர். இணைய வாசகரும் அங்ஙனமே. அவர் தேடுவது இவ்விடத்தில் உண்டு என்பதை விரைந்து தெரிவித்தலே எழுதுவார் முதற்கடமை. தெரிவித்துவிட்டால் அவர் நின்று படிப்பார். நீண்ட கட்டுரையையும் படிப்பார்.

இவ்விடத்துத் தமிழின் இயல்பு ஒன்றனைக் கருதல் வேண்டும். நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்பது. எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கிச் செல்லும் நீண்ட வாக்கியத்தில், யார் என்ன செய்தல் வேண்டுமென்பது கடைசிச் சொல் வரும்வரை விளங்குவதில்லை. புத்தகத்தைப் பொறுமையுடன் வைத்துப் படிப்பார்க்கு அந்நடையில் ஓர் இன்பமும் உண்டு. கைப்பேசியின் சிறு திரையிலோ, அவ்வாக்கியம் பத்து வரிக்கு நீண்டு, தொடக்கம் மேலே மறைந்தபின் முடிவு கீழே தோன்றும். “மேற்படி உதவித்தொகை சம்பந்தமாக இக்கல்வியாண்டில் பயிலும் மாணவ மாணவியர் அனைவர்க்கும் இதன்மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில்” என்று தொடங்கும் அறிவிப்பில், யாதெனில் என்னுமிடத்தை அடையுமுன்னரே வாசகர் களைத்துப் போகின்றார். “உதவித்தொகை விண்ணப்பங்களை இம்மாதம் 15-ஆந் தேதி மாலை 4 மணிக்குள் அலுவலகத்திற் கொடுக்கவும்” என்று தொடங்குவதால் யாருடைய கௌரவம் குறைந்துவிடும்? விதிகளையும் விலக்குகளையும் அதன்பின் வரிசைப்படுத்திச் சொல்லலாமன்றோ?

நன்னூலார் நூலுக்குரிய அழகுகளும் குற்றங்களும் பப்பத்தாக வகுத்தனர். சுருக்கமும், விளக்கமும், பொருளை முறைப்பட நிறுத்தலும் அவர் கூறிய அழகுகளுட் சேர்ந்தன. சொன்னதையே மீண்டும் சொல்லுதலும், படிப்பாரை மயங்க வைத்தலும், எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்தலும் குற்றங்களுட் சேர்ந்தன. இணையத்தில் எழுதுவார்க்கு இக்காலத்தார் கூறும் அறிவுரைகளுட் பெரும்பாகம் இவற்றுள் அடங்கிவிடும். ஒரு பத்திக்கு ஒரு கருத்து. சில பத்திகளுக்கு ஒரு சிறு தலைப்பு. வரிசைப்படுத்தற்குரியவற்றை எண்ணிட்டு வரிசையாக நிறுத்தல். தேதி கூறுமிடத்து ஆண்டையும் கூறல்: இவையெல்லாம் முறைப்பட வைத்தலின் பகுதிகளே. ஆண்டு குறியாத அறிவிப்பொன்று மூன்றாண்டு கழித்து ஒருவர் கண்ணிற்பட்டு, அவரைப் பயணச் செலவு செய்வித்து ஏமாற்றத்துடன் திருப்பியனுப்புதல் கூடும். அச்சுத்தாள் பழுத்துத் தன் முதுமையைத் தானே காட்டும், வலைப்பக்கத்துக்கோ நரையில்லை.

இனிக் கண்ணுக்குரிய அழகைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். 1930-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் அச்சுக்கலைஞர் சங்கமொன்றில் பேசிய பியாட்ரிஸ் வார்ட் என்னும் அம்மையார், நல்ல அச்சு தெளிந்த கண்ணாடிக் கிண்ணம் போன்றதென்று உவமை கூறி விளக்கினர். கிண்ணம் தன்னைக் காட்டாது, தன்னுள் இருப்பதைக் காட்டுகின்றது. பொற்கிண்ணத்தின் வேலைப்பாட்டிலே கண் நின்றுவிடுமாயின் உள்ளிருக்கும் பொருள் மறைந்துபோம். இவ்வுவமை திரைக்கும் முற்றும் ஒக்கும்.

தமிழெழுத்து ஆங்கில எழுத்துப் போன்றதன்று. மெய்க்குப் புள்ளி மேலே நிற்கும். இகர ஈகாரக் குறிகள் மேலே வளையும். உகர ஊகாரக் குறிகள் பலவிடத்துக் கீழே இறங்கும். ஆதலின் வரிகளை நெருக்கி வைத்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதிக்கொள்ளும். எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்கேனும் வரிக்கு இடம் விடுதல் நன்று. நம் சொற்கள் புணர்ச்சியால் நீளுந் தன்மையன. குறுகிய திரையில் இருமருங்கும் ஒழுங்கு செய்யப் புகுந்தால், ஒருவரியில் இரண்டு சொற்களே நின்று நடுவே பெரும்பள்ளம் தோன்றும். இடப்புறம் மட்டும் நேர்செய்து வலப்புறத்தை அதன் போக்கில் விடுதலே தகும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடத்தை அகற்றினால், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தமக்குரிய மெய்யை விட்டுப் பிரிந்து அனாதைகளாய் நிற்கும். ஆங்கிலத்தைப் பின்பற்றி எழுத்தைச் சாய்த்தலும் நமக்குப் பொருந்தாது. மிகத் தடித்த எழுத்தில் ணகரத்தின் சுழிகள் அடைபட்டுக் கரும்புள்ளியாகும். தடிப்பு, தலைப்புக்கும் ஒன்றிரண்டு சொற்களுக்கும் உரியது. எல்லாவற்றையும் தடிக்கச் செய்தவர் எதனையும் வற்புறுத்தாதவரே ஆவர்.

வண்ணத்துக்கும் அளவுண்டு. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிகளின்படி, சாதாரண எழுத்தின் ஒளிக்கும் அதன் பின்னணியின் ஒளிக்கும் உள்ள விகிதம் 4.5-க்கு 1 என்னும் அளவுக்குக் குறையலாகாது. வெள்ளைமேற் கறுப்பு 21-க்கு 1 என்னும் முழு அளவைத் தருகின்றது. வெள்ளைமேல் மஞ்சளும், சிவப்பின்மேல் பச்சையும் கொண்டு எழுதுவோர், நடுப்பகல் வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நின்று கைப்பேசியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும் முதியவரை ஒருகால் நினைத்தல் வேண்டும். ஐந்து நொடிக்குமேல் தானே ஓடும் எழுத்தை வாசகர் நிறுத்திக்கொள்ள வழியிருத்தல் வேண்டுமென்பதும் அந்நெறிகளுள் ஒன்று. நம் நாட்டுத் தளங்களிலோ, மிக அவசரமான செய்தியையே ஓடவிடுகின்றனர்! நிறுத்தி வைத்துச் சொல்லவேண்டியதை ஓடவிட்டுச் சொல்லுதல் என்ன நியாயமோ அறியோம்.

இவையெல்லாம் பொறுக்கத்தக்க குறைகள். பொறுக்கத்தகாதது, யாம் முன்னர்க் கூறிய படவழக்கே. அறிவிப்பொன்றைத் தாளில் அச்சிட்டு, கையெழுத்தும் முத்திரையும் இட்டு, அதனைப் படம் பிடித்துத் தளத்தில் ஒட்டிவிடுதல் இன்று பல நிலையங்களில் நாட்கடமையாகிவிட்டது. பூவேலைப்பாடுகளின் நடுவே சொற்களைப் பதித்துச் சித்திரமாக்கி அனுப்புதலும் அத்தகையதே. பார்ப்பார்க்கு அஃது எழுத்துப்போற் தோன்றினும் உண்மையில் எழுத்தன்று, எழுத்தின் நிழலே. நிழலைப் பெரிதாக்கினால் கலங்கும். அதில் ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது. பிறமொழிக்கு மாற்றுதல் எளிதன்று. ஒருங்குறி முறையைப் பெருவழக்கான வடிவிற் சேமிக்குங்கால், தமிழ்க் குறியீடு ஒன்று 3 பைட் இடங்கொள்ளும். ஆயிரங் குறியீடு கொண்ட அறிவிப்பு ஏறத்தாழ 3,000 பைட்டில் அடங்கும். அதனையே கைப்பேசியாற் படம் பிடித்தால் பத்து லட்சம் பைட்டைக் கடத்தல் இயல்பு. நகரத்தில் இருப்பார்க்கு இவ்வேறுபாடு தோன்றாது. மலையடிவாரத்துச் சிற்றூரில், இணைப்பு வருவதும் போவதுமாயிருக்க, நாளுக்கு இவ்வளவென்று அளந்து வாங்கிய தரவை வைத்துக்கொண்டு காத்திருக்கும் மாணவிக்கு அது நன்கு தோன்றும். தம் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி காண வருபவள் அவள். உதவித்தொகையின் கடைசி நாள் அப்படத்தினுள் இருக்கின்றது; படமோ திறக்கவில்லை!

பார்வையற்ற மாணவர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றிப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் இன்று உள்ளன. பார்வையற்றவர்களாகிய மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் ஆஸ்திரேலியர் இருவர் ஆக்கி வளர்த்ததும் இலவசமாக வழங்கப்படுவதுமாகிய என்.வி.டி.ஏ. அவற்றுள் ஒன்று, அது தமிழையும் படிக்கும். எழுத்து எழுத்தாக இருப்பின் அக்கருவி அதனைத் தடையின்றிப் படித்துவிடும். தலைப்புக்கள் முறைப்படி தலைப்பெனக் குறிக்கப்பட்டிருப்பின், கண்ணுள்ளவர் மேலோட்டமாய்ப் பார்ப்பதுபோலவே, பார்வையற்றவரும் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித் தமக்கு வேண்டியதைக் கண்டடைவர். இணைப்புக்கள் தோறும் “இங்கே சொடுக்குக” என்று எழுதியிருப்பின், இணைப்புக்களை மட்டும் தொகுத்துக் கேட்கும் அவர் காதில் “இங்கே, இங்கே, இங்கே” என்பதொன்றே விழும். “விண்ணப்பப் படிவம்” என்றெழுதியிருப்பின் ஐயமில்லை. அறிவிப்பு முழுவதும் படமாயிருப்பின், கருவி “படம்” என்று சொல்லி அமைவதும் உண்டு. அம்மாணவர்க்கு அன்று கல்லூரி ஊமையாகிவிட்டது.

மிஷன் கல்லூரிகளிற் பயில்வார் இதனைச் சிறப்பாகக் கருதல் வேண்டும். பார்வையற்றார்க்கும் செவிகேளார்க்கும் கல்வி வேண்டுமென்பதை நாடு நன்கு உணராத காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, பாளையங்கோட்டையில் அவர்க்கெனப் பள்ளிகள் நிறுவியவர் மிஷனரி அம்மையார்கள். அம்மரபிற்கு உரியோம் எனக் கூறிக்கொள்ளும் நாம், நம் அறிவிப்புப் பலகையைப் பார்வையற்றவர்க்கு எட்டாதபடி வைத்தல் முறையோ? சட்டமும் இதனை விடவில்லை. இந்திய அரசாங்கத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு வடிவில் வரும் செய்திகள் அவர்க்கு எட்டும் வண்ணம் அமைதல் வேண்டுமென்று விதிக்கின்றது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதினும் அயலார்பால் உள்ள அன்பினாற் செய்தலே நமக்குத் தகும்.

எழுத்தை எழுத்தாகவே காத்தல் வருங்காலத்தார்க்கும் செய்யுந் தொண்டாகும். ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம் பெற்றிருந்தது. எனினும் நெடுங்காலம் ஒவ்வொருவரும் தத்தமக்கெனக் குறியீட்டு முறையும் எழுத்துருவும் வைத்துக்கொண்டமையால், ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றியது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், தமிழ் நூல்களை மின்னெழுத்தாக்கி உலகிற்கு இலவசமாக வழங்கி வருகின்றனர். தன்னார்வத் தொண்டர் பலர் இருந்து இருந்து தட்டச்சிட்ட அந்நூல்களில் இன்று ஒரு சொல்லை நொடியிற் தேடி எடுக்கின்றோம். பழைய நூல்களை இத்துணைப் பாடுபட்டு எழுத்தாக்குவார் ஒருபுறமிருக்க, புதிதாய் எழுதுவதையே படமாக்கிப் புதைப்பார் மற்றொருபுறம் இருத்தல் விந்தையன்றோ!

எம் கூற்றுக்கு இரு தடைகள் எழுதல் கூடும். எளிதாக்கி எளிதாக்கி வாசகரைச் சோம்பேறிகளாக்குகின்றீர். அரிய பொருளை வருந்தியே கற்றல் வேண்டும் என்பது ஒன்று. அரிய பொருளோடு வாசகர் போராடுக. அதனை யாமும் வேண்டுகின்றோம். மங்கிய வண்ணத்தோடும் நெருங்கிய வரியோடும் போராடுதலால் யாருக்கு அறிவு வளர்ந்தது? மலையேறுதல் உடலுக்கு நலந்தரும்; மலைப்பாதையில் முள்ளை இறைத்து வைத்தல் யாருக்கும் நலந்தராது. பொருளின் ஆழத்தை ஒரு முழமும் குறையாது வைத்து, இறங்கும் படித்துறையைச் செப்பமாகக் கட்டுக என்பதே எம் வேண்டுகோள்.

அலங்காரமின்றேல் ஒருவரும் திரும்பிப் பாரார் என்பது மற்றொன்று. படத்தை யாம் வெறுத்தோமல்லேம். ஊருக்கு வழிகாட்டும் வரைபடம், செடியின் உறுப்பை விளக்கும் சித்திரம், விழாக்காலத்துப் புகைப்படம் ஆகியன சொல்லாற் கூற இயலாதவற்றைக் காட்டுவன. கல்வெட்டொன்றைப் பற்றி எழுதுவார் அதன் படத்தை இடாது எழுதுதல் குறையே. அப்படத்தின் கீழ்க் கல்வெட்டின் வாசகத்தை எழுத்தாகத் தருக; படத்தில் உள்ளது யாதெனக் கருவிக்கும் விளங்க ஒரு வரி சேர்க்க. அப்போது எழுத்தின் வடிவைக் கண்ணுடையார் காண்பர், பொருளை யாவரும் அறிவர், தேடுவார்க்கும் அகப்படும். விழாவுக்கு வண்ணச் சித்திரம் அனுப்ப விரும்புவோரும் அங்ஙனமே செய்க. சித்திரம் வாயிலில் தோரணமாக நிற்கட்டும். இடம், நாள், நேரம் ஆகியன எழுத்தாக உடன் வரட்டும். தோரணத்தையே கதவாக்கி வழியை அடைத்தல் வேண்டா.

மாணவ நண்பர்காள்! இவை அனைத்தையும் நினைவில் வைத்தல் அரிதெனத் தோன்றுமாயின், எழுதியதை வெளியிடுமுன் நான்கு சோதனைகள் செய்து பாருங்கள். அதனை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டுமிடத்தில் வாக்கியத்தை முறியுங்கள். உங்கள் நண்பரிடம் உள்ள மிகச் சிறிய, மிகப் பழைய கைப்பேசியில் அதனைத் திறந்து பாருங்கள். அப்பொருளைச் சற்றும் அறியாத ஒருவரிடம் கொடுத்து, தாம் செய்யவேண்டுவது யாதென அவர் வாயாற் சொல்லக் கேளுங்கள். இறுதியாகக் கண்களை மூடிக்கொண்டு, கருவி படிப்பதைச் செவியாற் கேளுங்கள். இந்நான்கிலும் தேறிய எழுத்துக்கு வேறு நற்சான்று வேண்டா.

ஓலையில் எழுதியவர் தம் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் எழுதினர். அச்சிட்டவர் நூல் வாங்கும் வசதியுடையார்க்கு அச்சிட்டனர். இன்று நீங்கள் எழுதுவதைப் படிக்க வருவார் யாவர், எவ்வூரார், எந்நிலையினர் என்பதை நீங்கள் அறியீர். அறியாத அவ்விருந்தினரை வாயிலிலே நிறுத்தாது உள்ளே அழைத்து இருக்கை தருதல் தமிழர் மரபு. பார்வையற்ற மாணவரும், சிற்றூரிற் காத்திருக்கும் மாணவியும், வெயிலில் நிற்கும் முதியவரும் ஒருங்கே வந்து அமர்தற்குரிய பந்தியாக உங்கள் எழுத்து அமைவதாக. அத்தகைய எழுத்தை எழுதுதற்குரிய அன்பையும் பொறுமையையும் எல்லாம் வல்ல இறைவன் நம் மாணவர்க்கு அருள்வானாக.